கணக்கு வீட்டுப்பாடம்: கழித்தல் குறியில் சறுக்கும் மகள்

எட்டாம் வகுப்பு மாணவியின் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். துணிக்கடை வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு வந்து, பத்து மணி வரை மகளோடு கணக்கு வீட்டுப்பாடத்தில் உட்காருகிறார். ஒரு கணக்குக்கு அரைமணி நேரம் ஆகிறது, கடைசியில் இருவரில் ஒருவர் அழுகிறார். வெளியூரில் வேலை பார்க்கும் கணவர் போனிலேயே மகளைத் திட்டுகிறார். நேரம் போதாத நாட்களில் கணக்கைப் படம்பிடித்தால் விடை சொல்லும் செயலியைப் பார்த்து எழுத வைக்கிறார். விடை தவறினால் பள்ளியில் ஒவ்வொரு கணக்கையும் 50 தடவை எழுதச் சொல்கிறார்கள். ஒருநாள் வகுப்பு வாசலில் முட்டி போட வைத்திருக்கிறார்கள். “எனக்கே கணக்கு வராது, எங்க குடும்பத்துல யாருக்கும் வராது, அதான் இவளுக்கும் வரல” என்கிறார்.

அவர் கேட்பவை: கணக்கு ஆசிரியரே வீட்டில் எடுக்கும் டியூஷனில் சேர்க்கலாமா? அபாகஸ் வகுப்புக்கு அனுப்பலாமா? இது கற்றல் குறைபாடா? பள்ளியில் தரும் தண்டனையைப் பற்றிப் பேசலாமா, பேசினால் பிள்ளைக்குத் தொல்லை வருமா? கூடவே நோட்டின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ஒன்பது கணக்குகளில் மூன்று சரி, ஆறு தவறு.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தைவிட அந்த இரண்டு பக்கங்கள்தான் அதிகம் பேசுகின்றன. சரியாக வந்த மூன்றிலிருந்து தொடங்குகிறேன். சிவப்பு மையில் கவனம் போய்விட்டதால் நீங்கள் அவற்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

3ய + 7 = 22 என்ற சமன்பாட்டை மூன்றே வரியில் முடித்து ய = 5 என்று எழுதியிருக்கிறாள். (நோட்டில் எக்ஸ் என்று இருப்பதை நான் ‘ய’ என்று எழுதுகிறேன். மாறிக்கு எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கு மாறாது என்பதை அவளிடமும் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்கு எழுத்தை மாற்றினாலே பயம் வந்துவிடும்.) இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும் படத்தில், கொடுத்த 70 பாகையை வைத்து மற்ற ஏழு கோணங்களையும் கண்டுபிடித்திருக்கிறாள். 840 ரூபாய்க்கு 15 சதவீதத் தள்ளுபடி எவ்வளவு என்பதற்கு, பத்து சதவீதம் 84, ஐந்து சதவீதம் 42, ஆக 126 என்று நோட்டின் ஓரத்தில் பிரித்துப் போட்டிருக்கிறாள். பாட்டியின் பெட்டிக்கடையில் மாலையில் சில்லறை பார்ப்பதாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பழக்கம் இங்கே தெரிகிறது.

இயற்கணிதமே புரியாத பிள்ளையால் முதல் கணக்கைப் போட்டிருக்க முடியாது. அப்படியானால் மற்ற சமன்பாடுகள் ஏன் தவறின? தவறிய ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஒரு கழித்தல் குறியோ ஒரு பின்னமோ இருக்கிறது. 3ய + 7 = 22 இல் இரண்டும் இல்லை. ஆகவே ஓட்டை எட்டாம் வகுப்புப் பாடத்தில் இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்பில் வந்த முழுக்களிலும் (கழித்தல் குறி உள்ள −3, −7 போன்றவையும் சேர்ந்த முழு எண்கள்) பின்னங்களிலும் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கை இன்னும் நூறு முறை போட வைத்தாலும் அது அடைபடாது.

கழித்தல் குறி: இரண்டு கணக்குகள், ஒரே சறுக்கல்

5 − 2(ய − 3) = 1 என்பதை அவள் 5 − 2ய − 6 = 1 என்று விரித்திருக்கிறாள். அதற்குப் பிறகு எழுதிய எல்லா வரியும் சரி, ஆனால் விடை ய = −1 என்று வந்துவிட்டது. 2 அடைப்புக்குள் இருக்கும் இரண்டையும் பெருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு ஒட்டிய கழித்தல் குறியும் இரண்டையும் பெருக்கும் என்பதுதான் தெரியவில்லை. சரியான வரி 5 − 2ய + 6 = 1. அதிலிருந்து 2ய = 10, ய = 5.

இதற்கு ஒரு எளிய பழக்கம் போதும். அடைப்புக்கு முன்னால் இருப்பதைக் குறியோடு சேர்த்துப் பென்சிலால் வட்டமிட வேண்டும், இங்கே −2. அந்த வட்டத்திலிருந்து ய-க்கு ஒரு வில், −3-க்கு ஒரு வில். ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு பெருக்கல். விரித்து முடித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். விரிப்பதையும் கூட்டுவதையும் ஒரே வரியில் செய்யும்போதுதான் குறி காணாமல் போகிறது.

இரண்டாவது கணக்கு −3ய = 12. அவள் எழுதிய விடை 4. இதற்குக் காரணத்தை உங்கள் கடிதமே சொல்கிறது: “அந்தப் பக்கம் போனா குறி மாறும்னுதான் நான் சொல்லிக் குடுத்தேன்.” வருத்தப்படாதீர்கள், தமிழ்நாட்டில் பாதிப் பேர் படித்தது இப்படித்தான். ஆனால் அந்த வாய்பாடு கூட்டியும் கழித்தும் நிற்கும் உறுப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். −3ய இல் இருக்கும் −3 பெருக்கி நிற்கிறது. அது அந்தப் பக்கம் வகுக்கப் போகும்போது தன் குறியையும் தூக்கிக்கொண்டுதான் போகும். 12 ÷ (−3) = −4. உங்கள் மகள் நீங்கள் சொன்ன விதியை அப்படியே நம்பி, −3 அந்தப் பக்கம் போய் +3 ஆனது என்று நினைத்து 12-ஐ 3-ஆல் வகுத்துவிட்டாள்.

‘போகும்’ என்ற சொல்லையே இனி விட்டுவிடுங்கள். காய்கறிக்கடைத் தராசைச் சொல்லுங்கள். ஒரு தட்டில் என்ன செய்தாலும் மறு தட்டிலும் அதையே செய்ய வேண்டும். 3ய + 7 = 22 என்றால் இரண்டு தட்டிலும் 7 எடுக்கிறோம், பிறகு இரண்டையும் 3-ஆல் வகுக்கிறோம். −3ய = 12 என்றால் இரண்டையும் −3-ஆல் வகுக்கிறோம். என்ன செய்தோம் என்பதை ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் சின்னதாக எழுதச் சொல்லுங்கள்: ‘இருபுறமும் −3-ஆல் வகு’. தொடக்கத்தில் நேரம் கூடும். பத்து நாளில் பழகிவிடும்.

இன்னொரு வாய்பாடும் இதேபோல் பிள்ளைகளைக் கவிழ்க்கும். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்பது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது. அதைக் கூட்டலில் போட்டு −4 − 7 = 11 என்று எழுதுவார்கள். விடை −11. கடனாக யோசித்தால் குழப்பமில்லை: 4 ரூபாய் கடன் இருக்கும்போது இன்னும் 7 ரூபாய் கடன் வாங்கினால் 11 ரூபாய் கடன். 4 − (−7) என்றால் கையில் 4 ரூபாய் இருக்க, தலைமேல் இருந்த 7 ரூபாய்க் கடனை ஒருவர் தள்ளுபடி செய்துவிட்டார், நிலைமை 7 ரூபாய் மேலே போய் 11. பெருக்கலில் ஏன் பிளஸ் வருகிறது என்று அவள் கேட்டால் இப்படி வரிசையாக எழுதிக் காட்டுங்கள்: 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. ஒவ்வொரு முறையும் 2 கூடுகிறது. அடுத்தது (−1) × (−2). அது 2 ஆகத்தான் இருக்க முடியும்.

பின்னமும் விரிவும்

ய/2 + ய/3 = 10. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2ய/5 என்று எழுதி, ய = 25 என்று முடித்திருக்கிறாள். இதை விதி சொல்லித் திருத்துவதைவிட ஒரு கேள்வி கேட்டுத் திருத்துவது நல்லது: “அரைத் தோசையோட இன்னும் கொஞ்சம் தோசை சேர்த்தா, அரையைவிடக் குறையுமா?” அவள் முறைப்படி அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து 2/5, அது அரையைவிடச் சிறியது! ஆறு கட்டம் உள்ள கடலைமிட்டாய்ப் பட்டை ஒன்றை வரையுங்கள். அரை என்பது 3 கட்டம், மூன்றில் ஒன்று 2 கட்டம், மொத்தம் 6-இல் 5.

சமன்பாட்டில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு, அதாவது இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண், 6. சமன்பாடு முழுவதையும் 6-ஆல் பெருக்கினால் 3ய + 2ய = 60, ய = 12. பின்னமே காணாமல் போய்விடும். இங்கே சறுக்கும் இடம் ஒன்றுதான்: இடப்பக்கத்தை 6-ஆல் பெருக்கிவிட்டு வலப்பக்கத்து 10-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். தராசு ஞாபகம் இருந்தால் விட மாட்டாள்.

(ய + 3)² = ய² + 9 என்று எழுதியது பத்தாம் வகுப்பு வரை பலர் செய்வது. ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தாலே உடைந்துவிடும். ய = 1 என்றால் இடப்பக்கம் 4² = 16, வலப்பக்கம் 10. எங்கே போனது மிச்சம் 6? 8 அங்குலப் பக்கமுள்ள சதுரத் தாளை ஒவ்வொரு பக்கத்திலும் 5, 3 என்று மடிக்கச் சொல்லுங்கள். 25 சதுர அங்குலத்தில் ஒரு சதுரம், 9-இல் ஒரு சதுரம், இவற்றோடு 15, 15 என்று இரண்டு செவ்வகங்கள், மொத்தம் 64. அந்த இரண்டு செவ்வகங்களைத்தான் அவள் மறந்தாள். அவைதான் ய² + 6ய + 9 இல் உள்ள 6ய.

வடிவியலில் வேறு பிரச்சினை

ஏணிக் கணக்கில் 13 அடி ஏணி, சுவரிலிருந்து 5 அடி தள்ளி நிற்கிறது, எவ்வளவு உயரத்தைத் தொடும் என்று கேட்டிருக்கிறார்கள். 13², 5² இரண்டையும் கூட்டி √194 என்று எழுதியிருக்கிறாள், ஏறத்தாழ 14 அடி. 13 அடி ஏணி 14 அடி உயரத்தை எப்படித் தொடும்? பிதாகரஸ் தேற்றம் தெரியாமல் செய்த தவறல்ல இது, படம் வரையாமல் செய்த தவறு. படம் போட்டுச் செங்கோணத்தைக் குறித்தால், அதற்கு எதிரே இருப்பது ஏணி, அதுதான் கர்ணம் என்று கண்ணுக்கே தெரியும். கர்ணத்தைத் தேடும்போது கூட்டல், மற்ற பக்கத்தைத் தேடும்போது கழித்தல்: 169 − 25 = 144, உயரம் 12 அடி.

டைல்ஸ் கணக்கு எனக்குப் பிடித்தது. 4 மீட்டர், 3 மீட்டர் அறைக்கு 50 செ.மீ. சதுர டைல்ஸ் எத்தனை? அவள் விடை 0.48, அதைக் கட்டம் வேறு போட்டிருக்கிறாள்! ஓர் அறைக்கு அரை டைல்கூட வேண்டாம் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறாள். 1 மீட்டர் 100 செ.மீ. என்பதால் 1 சதுர மீட்டரும் 100 சதுர செ.மீ. என்று எடுத்துக்கொண்டாள். அது 100 × 100, அதாவது 10,000. ஆக 1,20,000-ஐ 2,500-ஆல் வகுத்தால் 48. பரப்பளவு கண்டபின் அலகை மாற்றுவதைவிட, முதல் வரியிலேயே எல்லாவற்றையும் செ.மீ. ஆக்கிவிடுவது பாதுகாப்பு: 400-இல் 50 எட்டு முறை, 300-இல் ஆறு முறை, 8 × 6 = 48.

இந்த இரண்டு தவறுகளும் முழுக்களையோ பின்னத்தையோ சேர்ந்தவை அல்ல. விடை வந்த பிறகு அதைத் திரும்பிப் பார்க்காத அவசரம். இரவு ஒன்பதரை மணிக்கு, அழுத கண்ணோடு, யாருக்கும் அந்த அவசரம் வரும்.

இரவு நேரத்தை எப்படிப் பிரிப்பது

இரண்டு மணி நேரம் வேண்டாம், 45 நிமிடம் போதும். முதல் 15 நிமிடம் பழைய ஓட்டைக்கு. முதல் இரண்டு வாரம் முழுக்கள் மட்டும், நாளுக்குப் பத்துக் கணக்கு: −7 + 4, 4 − 7, −4 − 7, 4 − (−7) போன்றவை. எண்கோடு வரைந்து தொடங்கட்டும், கோடு இல்லாமல் பத்தும் மூன்று நாள் தொடர்ந்து சரியாக வந்தால் அடைப்புக்குறிக்குப் போகலாம். அடுத்த இரண்டு வாரம் பின்னம். ஆறு, ஏழாம் வகுப்புப் புத்தகங்களைத் தெருவில் யாரிடமாவது வாங்குங்கள், அல்லது தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள்.

மிச்சம் 30 நிமிடம் அன்றைய வீட்டுப்பாடம். ஒரு கணக்கில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால், நின்ற வரிக்குக் கீழே கோடு போட்டு ‘இதுவரை வந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். ஒரு சமன்பாடு முடிந்தால் விடையை முதல் வரியில் போட்டுப் பார்க்க வேண்டும். ய = −1 என்ற விடையை 5 − 2(ய − 3) இல் போட்டிருந்தால் 13 வந்திருக்கும், வர வேண்டியது 1. அரை நிமிட வேலை. உங்கள் மகளே தன் தவறைப் பிடித்திருப்பாள்.

இதற்கு உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: “என்ன குடுத்திருக்காங்க?”, “என்ன கேட்டிருக்காங்க?”, “இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு என்ன செஞ்ச?” மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பாதித் தவறுகள் அவள் வாயிலேயே திருந்தும். குடும்பத்தில் யாருக்கும் கணக்கு வராது என்பதை மட்டும் அவள் காதுபட இனிச் சொல்லாதீர்கள். கடையில் மீட்டர் கணக்கில் துணி கிழித்து விலை சொல்லும் உங்களுக்குக் கணக்கு வராது என்பதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. அப்பாவிடம் அன்றைய மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டாம், சரியாக வந்த ஒரு கணக்கைப் படமெடுத்து அனுப்புங்கள். திட்டுவதற்கு அவருக்கும் வேறு விஷயம் கிடைக்காது.

செயலியைத் தூக்கி எறிய வேண்டாம். அவள் போட்டு முடித்த பிறகு, அதன் வரிகளையும் தன் வரிகளையும் பக்கத்தில் வைத்து முதல் முதலில் வேறுபடும் வரியை மட்டும் வட்டமிடட்டும். அந்த ஒரு வரியைத்தான் மறுபடி போட வேண்டும். போடுவதற்கு முன் பார்த்து எழுதுவது, 50 தடவை எழுதுவதைப் போலத்தான்: கை வேலை செய்யும், தவறு அப்படியே இருக்கும்.

டியூஷன், அபாகஸ், கற்றல் குறைபாடு

அபாகஸ் பெரிய எண்களை வேகமாகக் கூட்டவும் பெருக்கவும் பழக்கும். உங்கள் மகளுக்கு வேகம் பிரச்சினை இல்லை. அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் கழித்தல் குறியை அது சொல்லித் தராது, அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் வீட்டு டியூஷனில் சேர்த்தால் வகுப்பில் நன்றாகக் கவனிப்பார் என்று நினைக்கிறீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனிப்பட்ட முறையில் டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அங்கேயும் எட்டாம் வகுப்புக் கணக்கைத்தான் மறுபடி போடுவார்கள். நான்கைந்து வாரம் மேலே சொன்னபடி பாருங்கள். அப்போதும் வெளி உதவி வேண்டுமென்றால், ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காத, பழைய பாடத்திலிருந்து தொடங்க ஒப்புக்கொள்கிற ஒருவரைத் தேடுங்கள். “முதல் மாசம் முழுக்களும் பின்னமும் மட்டும் எடுப்பீங்களா?” என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலே ஆளைக் காட்டிவிடும்.

கணிதக் கற்றல் குறைபாட்டை டிஸ்கால்குலியா என்பார்கள். எட்டாம் வகுப்பிலும் 8 + 5-ஐ விரல் விட்டு எண்ணுவது, 47, 74 இரண்டில் எது பெரிது என்று தடுமாறுவது, கடிகாரமும் சில்லறையும் புரியாமல் போவது போன்றவை அதன் அடையாளங்கள். சில்லறை பார்க்கிற, 15 சதவீதத்தைப் பிரித்துப் போடுகிற பிள்ளையிடம் அவை எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்லிவிடவும் கூடாது. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் −7 + 4 நிலைக்கவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உளவியல் மதிப்பீடு கேளுங்கள். அப்படி ஒன்று உறுதியானாலும் அது இழிவல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது இடம்பெற்றிருக்கிறது, தேர்வில் சலுகை கேட்கவும் வழி உண்டு.

பள்ளியில் பேசுவது

முட்டி போட வைத்தது உடல்சார்ந்த தண்டனை. உடலை வருத்துவதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. 50 தடவை எழுதச் சொல்வதை ஆசிரியர் பயிற்சி என்றே நினைத்திருக்கலாம், ஆகவே இரண்டையும் ஒரே மூச்சில் புகாராக வைக்காதீர்கள். முதலில் வகுப்பு நேரம் முடிந்த பிறகு ஆசிரியரைத் தனியே பாருங்கள். முட்டி போட வைப்பது மறுபடி நடந்தால் தலைமை ஆசிரியரிடம் தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லலாம். அதற்கும் அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்கள் இருக்கின்றன. புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற உங்கள் பயம் காரணமில்லாததல்ல. எழுத்தில் ஒரு பதிவு இருந்தால் அதன் பிறகு அவளைத் தொடுவதற்கு யோசிப்பார்கள்.

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அவள் நோட்டையும், கீழே இருப்பது போல ஒரு சீட்டையும் கொண்டு போங்கள்:

“ஐயா, வணக்கம். கழித்தல் குறியும் பின்னமும் வரும் கணக்குகளில்தான் மகள் தவறுகிறாள். ஒரு மாதம் வீட்டில் அவற்றை மட்டும் பயிற்சி செய்ய வைக்கிறேன். அதுவரை வீட்டுப்பாடத்தில் முடித்தவரை முடித்து, நின்ற இடத்தைக் கோடிட்டு அனுப்புகிறேன். 50 தடவை எழுதுவதற்குப் பதிலாக, தவறிய வரியை மட்டும் அவள் திருத்தி எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.”

சீட்டைக் கொடுக்கும்போது நோட்டில் 3ய + 7 = 22 இருக்கும் பக்கத்தைத் திறந்து வையுங்கள்.